நான் அழித்த குறுக்குச் சொற்கள்

எங்கள் கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று என்னுடையது, தெருவைப் பார்த்தபடி. மற்றது என் வீட்டுக்காரருடையது, சுவரைப் பார்த்தபடி. அந்தச் சுவரோரம் மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். போன கோடையில் எனக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்விதான்: அந்த இரண்டாவது நாற்காலியை எடுத்துவிடலாமா, வேண்டாமா.

கேட்டவள் பக்கத்துத் தையல்கடைப் பெண். நல்லவள். ஆஸ்பத்திரி நாட்களில் எனக்கு இரண்டு வேளை சோறு கொண்டுவந்து வைத்தவள். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமல் கேட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. அண்ணன் இனிமே இங்க உக்காரப் போறாரா? உக்காந்தாலும் இன்னா செய்வாரு, பாவம். அந்த எடத்துல என் ரெண்டாவது மிஷினப் போட்டுக்கட்டா?"

"போட்டுக்கோ."

"ஒரு நாளு யோசிச்சுச் சொல்லுக்கா."

"யோசிச்சுட்டேன். திங்கக்கெழம கொண்டாந்துடு."

யோசிக்கவில்லை. அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றேன். காய்க்காரர் முற்றின வெண்டைக்காயாகப் பொறுக்கிப் போட்டாலும் சரி. நாத்தனார் சாமி படத்தை இடம் மாற்றி மாட்டினாலும் சரி. அழவும் இல்லை. "நல்ல தைரியசாலி" என்று தெருவில் பேர் வந்தது. தைரியம் ஒன்றும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாரோ ஒருவர் கன்னம்போல் இருக்குமே, அப்படித்தான் எனக்கு எல்லாமே இருந்தது.

நடந்தது இதுதான். என் வீட்டுக்காரருக்கு மாசி மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். வலது கை விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் இழுக்கும். பேச்சு போய்விட்டது. முழுசாகப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "அதான்." சாப்பிட்டீர்களா என்றால் அதான். பசிக்கிறதா என்றாலும் அதான். மின்விசிறியைக் காட்டி அதான், என்னைக் காட்டி அதான். கோபம் வந்தாலும் அதே சொல்தான், கொஞ்சம் சத்தமாக.

எங்கள் கடை நெல்லித்தோப்பில், மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நகல் எடுப்பது, ஸ்கேன் எடுப்பது, பிரெஞ்சு விண்ணப்பம் பூர்த்தி செய்வது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பிறப்பு, திருமணம், இறப்பு என்று எந்தக் காலத்துக் காகிதமாவது ஒன்று வேண்டியிருந்துகொண்டே இருக்கும். தாத்தா கல்யாணம் செய்த காகிதம் இங்கே இருந்தால்தான் அங்கே பேரன் காரியம் நகரும். லிவ்ரே என்று சொல்கிற குடும்பப் பதிவுப் புத்தகத்தைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வருவார்கள். நாங்கள் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்வோம். அடுத்த முறை அந்தப் புத்தகம் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டியதில்லை.

எனக்கு பிரெஞ்சு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. படிவங்களைப் பூர்த்தி செய்து செய்து வந்தது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஊரைவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளர், "இது உங்களுக்கு உதவும் மதாம்" என்று ஒரு பழைய பெட்டியை வைத்துவிட்டுப் போனார். திறந்தால் படமும் இல்லை, பட்டனும் இல்லை. கறுப்புத் திரை, அதில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. "இத வச்சு என்னா பண்றது, வெளக்கு ஏத்தறதா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கென்னவோ பிடித்துப்போயிற்று. ஒரு சொல் அடித்தால் ஒரு பதில் சொல்கிறது. தப்பாக அடித்தால் தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. இந்த மாதிரி ஆட்களோடு எனக்கு ஒத்துப்போகும்.

காகிதங்கள் சேரச் சேர ஒரு சிக்கல் வந்தது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. ஊர், வருஷம், குடும்பம், என்ன காகிதம், முடிந்ததா முடியவில்லையா. ஒரு குடும்பத்தின் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் அந்த வழி முழுவதையும் அடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இரண்டு விரலால் அடிப்பவர். "அரியாங்குப்பத்துக்கு நடந்து போயிட்டே வந்துடலாம் போலருக்கே," என்பார்.

அப்போதுதான் டேப் விசையைக் கண்டுபிடித்தேன். ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்துவிட்டு அந்த விசையைத் தட்டினால், மீதியை இயந்திரமே எழுதிக்கொள்ளும். அந்த எழுத்தில் தொடங்குவது எதுவும் இல்லையென்றால் 'டொங்' என்று ஒரு மணி அடிக்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் முதலில் பேசாமல் இருக்கும். இன்னொரு முறை தட்டினால், 'இதுவா, இதுவா, இதுவா' என்று இருப்பதையெல்லாம் வரிசையாகக் கொட்டிக் காட்டும். நாம் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. புள்ளியில் பெயர் தொடங்கும் ஒரு ஃபைல். சாதாரணமாகப் பட்டியல் போட்டால் கண்ணில் படாது, ஒளிந்துகொண்டிருக்கும். அதற்குள் ஒரு வரி எழுதி வைத்தால் போதும்: இந்தச் சொல்லை அடித்தால் அந்த இடத்துக்குக் கொண்டுபோ. எவ்வளவு நீளமான வழியாக இருந்தாலும் ஒரே ஒரு குறுக்குச் சொல். அந்தச் சொல்லையும் முழுசாக அடிக்க வேண்டாம், இரண்டு எழுத்தும் டேப்பும் போதும்.

சரி, என்ன சொல் வைப்பது? குடும்பப் பெயர் வைத்தால் பாதிக்குப் பாதி ஒரே பெயராக இருக்கிறது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்கள் முகம் மறந்துபோகும், அவர்கள் வாயில் வந்தது மறக்காது. அதனால் அதையே வைத்தேன்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் வருவார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சொல்தா, அதாவது சிப்பாய், என்றால்தான் தெருவில் தெரியும். வாசலில் கால் வைக்கும்போதே, "நான் உக்கார வரல மதாம்" என்பார். என்றுவிட்டு உட்கார்ந்தால் இரண்டு தேநீர் முடியும்வரை எழமாட்டார். அவர் குடும்பத்துக் காகிதங்களுக்கு 'உக்கார' என்று வைத்தேன். ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம், ஆனால் வாய்க்குள் அவர் குரல்தான் கேட்கும். இன்னொரு அம்மாள், மகன் பிரான்சில். எந்தக் காகிதம் கேட்டாலும், "அது இருக்கு, ஆனா இல்ல" என்பாள். வீட்டில் எங்கேயோ இருக்கிறது, கைக்கு அகப்படவில்லை என்று பொருள். பாதியில் நிற்கும் எல்லா விண்ணப்பங்களுக்கும் அவள் சொன்ன 'இருக்கு'தான் பெயர். பாகூர் பக்கம் நிலம் வைத்துக்கொண்டு டவுனில் வண்டி ஓட்டும் ஒருவர், பதிவேட்டில் தப்பாய் விழுந்த அப்பா பெயரைப் பார்த்துவிட்டு, "நம்ம பேருல ஒண்ணும் தப்பில்ல, எழுதுனவன் கைல தப்பு" என்றார். திருத்தம் செய்ய வேண்டியவைக்கெல்லாம் 'கைல'. தையல்கடைப் பெண் எதைக் கேட்டாலும் "வெயிலு எறங்கட்டும்" என்பாள். சாயங்காலம் கொடுக்க வேண்டியவற்றுக்கு 'எறங்கட்டும்'.

என் வீட்டுக்காரருக்கு இது விளையாட்டாய்ப் போயிற்று. "இரு, எறங்கட்டும்ல போட்டுட்டேன்," என்பார். "அது கைலேருந்து இருக்குக்குப் போயிடுச்சு," என்பார். வெளியாள் கேட்டால் பைத்தியம் என்று நினைப்பார்கள். வலது கை இரண்டு எழுத்து, இடது கைச் சுண்டு விரல் டேப். டக் டக் டப். தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என் முதுகுக்குப் பின்னால் பல வருஷம் கேட்ட சத்தம் அது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மத்தியானம் நாத்தனார் போய் உட்காருவார். நான் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருப்பேன். வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. வந்து என்ன விசாரிப்பது என்று தயங்கியிருப்பார்கள். சும்மா இருக்கக் கை வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். வருஷவாரியாக, ஊர்வாரியாக, அகரவரிசையாக. பழைய இடங்களைக் கலைத்துப் புது இடங்களில் அடுக்கினேன். என்ன ஏது என்று தெரியாமல் கிடந்தவற்றை ஒரு பெரிய 'பொது'வுக்குள் தள்ளினேன். எத்தனை நாள் செய்தேனோ. வேலை மட்டும் பிசிறில்லாமல் நடந்தது. மனசுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இடம் மாறினதும் பழைய குறுக்குச் சொற்கள் எதுவும் வேலை செய்யவில்லை. ஒவ்வொன்றும் இல்லாத வீட்டுக்கு வழி காட்டியது. அதனால் அந்த ஒளிந்த ஃபைலைத் திறந்தேன். உள்ளே இருந்ததை வாசிக்கக்கூட இல்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். இனி இதில் உட்காரப்போவது நான் ஒருத்திதானே, எனக்குப் புது வழி தெரியுமே என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் மூச்சோடு ஒரு மனிதர் படுத்திருக்கிறார், இங்கே நான் ஒருத்திதான் என்று கணக்குத் தீர்த்துவிட்டேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்முன் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"வார்த்தையெல்லாம் உள்ளேதாம்மா இருக்கு. வழிதான் அடைச்சிருக்கு. நீங்க முழுசா சொல்லிக் குடுக்காதீங்க. மொத எழுத்த எடுத்துக் குடுத்துட்டுக் காத்திருங்க. வந்தா வரும். வரலன்னா ரெண்டு மூணு பொருளக் காட்டி எதுன்னு கேளுங்க, கையால காட்டுவாரு."

"சரிங்க."

"அப்புறம் அவரு தெனமும் செஞ்ச வேலை எதுவோ, அதுகிட்ட உக்கார வைங்க. அத மட்டும் விட்டுடாதீங்க."

"சரிங்க."

டம்ளரைத் தூக்கிக் காட்டி, "தண்..." என்றார் அவரிடம். என் வீட்டுக்காரர் உதட்டைக் கூட்டினார். கொஞ்ச நேரம் ஆயிற்று. "ணி," என்றார். அந்த அம்மாள் கையைத் தட்டினார். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அவராகவே கடைக்குக் கிளம்பினார். கடைக்கு மேலேதான் வீடு. பதினாறு படி. ஒவ்வொரு படியாக இறங்கிவந்து, நேராகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கையால் கம்ப்யூட்டரைப் போட்டார். எனக்கு அன்று நகல் வேலை இருந்தது. பின்னால் டக் டக் என்றது. பிறகு டொங். மறுபடியும் டக் டக், டொங். தையல்கடைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன் ஏதோ டைப் பண்றாரு பாரு."

"சும்மா தட்டறாரு. பொழுது போவணும்ல."

என் வாயால்தான் சொன்னேன். அவர் காதில் விழுகிற தூரத்தில்தான் சொன்னேன். காது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

மூன்று நாள் காலையில் இறங்கி வந்தார். மூன்று நாளும் மணி அடித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் வந்து, நாற்காலியைத் தன் ஒரு கையால் இழுத்துத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்கு முதுகு. அப்படியே மத்தியானம்வரை. பிறகு கொஞ்ச நாள் அதுவும் இல்லை, மேலேயே இருந்துவிட்டார்.

அந்த வாரம்தான் சொல்தா வந்தார். "உக்கார வரல மதாம்," என்று உட்கார்ந்தார். அவருக்கு அம்மாவின் கல்யாணப் பதிவு வேண்டும். காகிதம் அவரிடம் இல்லை. உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து காட்டி, எங்களிடம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, காகிதத்தோடு பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அதை எடுத்து வைத்தது என் வீட்டுக்காரர்.

"நானும் தேடிட்டேன். உங்க ஃபோல்டர்ல இல்ல," என்றேன்.

"முசியே கிட்ட கேளேன்," என்று மாடியைக் காட்டினார்.

"அவரு எங்க சொல்லுவாரு? எதக் கேட்டாலும் ஒரே பதிலுதான்."

"பட்டாளத்துல எங்க ஆபீசரும் எதக் கேட்டாலும் ஒரே பதிலுதான் சொல்லுவாரு. அதுலயே நாங்க புரிஞ்சுக்கல?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. தேநீரை முடித்துவிட்டு, "மெதுவா பாரு, நான் எங்கயும் ஓடிடல," என்று போனார்.

அதற்கும் அடுத்த நாள்தான் தையல்கடைப் பெண் கேட்டதும், நான் திங்கட்கிழமை என்றதும்.

சனிக்கிழமை காலையில் அந்த மேசையைக் காலி செய்ய உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரை என் பக்கத்து மூலைக்கு மாற்ற வேண்டும். அணைப்பதற்கு முன்னால் எதையோ திரும்பச் செய்யலாம் என்று மேல்நோக்கு அம்புக்குறியைத் தட்டினேன். கறுப்புத் திரையில் அப்படி ஒரு வசதி உண்டு. கடைசியாக என்ன அடித்தோமோ அது திரும்பி வரும். இன்னொரு தட்டு தட்டினால் அதற்கு முந்தியது.

சொல்தாவுக்காக நான் தேடின வரிகள் முதலில் வந்தன, அவற்றுக்கு முந்தி 'இப்பவா' என்று வந்தது.

நான் அதை அடித்ததில்லை. இன்னொரு தட்டு. 'எறங்கட்டும்'. இன்னொன்று. 'கைல'. 'இருக்கு'. 'இருக்கு'. 'இருக்கு'. 'உக்கார'.

தட்டிக்கொண்டே போனேன். அவர் அந்த மூன்று காலையில் அடித்தது எல்லாம் இருந்தது. முதலில் இரண்டு எழுத்து அடித்து டேப் தட்டிப் பார்த்திருக்கிறார், மணி அடித்திருக்கிறது. பிறகு ஒற்றை இடது கையால் முழுச் சொல்லையும் எழுத்து எழுத்தாய் அடித்து என்டர் தட்டியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் அது, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறது. அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறார். அதுவும் இல்லை. ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாய்த் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்ததுபோல் இருந்தது. பதினோரு சொற்கள். ஒன்றில்கூட ஒரு எழுத்து பிசகவில்லை.

தண்ணி என்று கேட்க வராத மனிதர்.

எனக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு ஒளிந்த ஃபைலைத் திறந்தேன். காலி. முதல் வரியில் கோடு மின்னியது.

புதிதாக அடுக்கியதைக் கலைக்க வேண்டியதில்லை. ஃபோல்டர் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், சொல் பழைய சொல்லாக இருந்தால் போதும். அதுதானே குறுக்குச் சொல்லின் வசதியே. 'உக்கார' என்று எழுதி, அந்தக் குடும்பம் இப்போது இருக்கும் இடத்தை எழுதினேன். 'இருக்கு' என்று எழுதி அதன் புது இடத்தை எழுதினேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் இரண்டு எழுத்து அடித்து டேப் தட்டிப் பார்த்தேன். சொல் நிறைந்தது. மணி அடிக்கவில்லை. அப்படிப் பத்து வரி எழுதினேன்.

பதினோராவது தெரியவில்லை. 'இப்பவா'. நான் வைத்த சொல் இல்லை அது. அந்த ஃபைலுக்குள் அவராகவே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். நான்தான் வாசிக்காமல் அழித்தேன். அது எந்த இடத்துக்குப் போகும் சொல் என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

மேலே போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கீழ வர்றீங்களா? ஒரு சந்தேகம்."

"அதான்," என்றார். வரமாட்டேன் என்கிற அதான்.

"எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன். மெஷினு மேல தப்பில்ல. உங்க மேலயும் இல்ல. நான் வழிய மாத்திட்டேன். இப்ப பழையபடி போட்டுருக்கேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குத் தெரில."

என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி எழுந்தார். பதினாறு படி. நான் பிடிக்கப்போனபோது கையைத் தட்டிவிட்டார். முன்னால் அவர், பின்னால் நான்.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டேன். உட்கார்ந்தார். 'உக்' அடித்து டேப் தட்டினார். நிறைந்தது. என்டர். சொல்தா குடும்பத்துக் காகிதங்கள் வரிசையாய் வந்தன. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 'இரு' என்று அடித்தார். அதுவும் வந்தது. எல்லாச் சொல்லையும் ஒருமுறை அடித்துப் பார்த்தார், மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டில் ஒவ்வொரு விளக்காய்ப் போட்டுப் பார்க்கிறவர்போல. கடைசியில் 'இப்' என்று அடித்து டேப் தட்டினார். டொங்.

"அதுதான் எனக்குத் தெரில," என்றேன். "இது எங்க போகும்?"

வாயைத் திறந்தார். உதடு கூடியது. வரவில்லை. மறுபடியும் முயன்றார், கழுத்து நரம்பு புடைத்தது. நான் எந்த முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பது? எனக்கே தெரியாதே.

பேச்சுப் பயிற்சி அம்மாள் சொன்ன இரண்டாவது வழி அப்போதுதான் ஞாபகம் வந்தது. காட்டிக் கேளுங்கள், கையால் காட்டுவார். இந்த விசையும் அதைத்தானே செய்கிறது? 'பொது'வுக்குள் போனேன். எதுவும் அடிக்காமல் டேப்பை இரண்டு முறை தட்டினேன். உள்ளே இருந்த பெயரெல்லாம் திரை முழுக்க வரிசையாய்க் கொட்டியது. அவர் முன்னால் சாய்ந்தார். இடது கை ஆள்காட்டி விரல் மேலிருந்து கீழே மெதுவாய் இறங்கியது. ஒரு வரியில் நின்றது. நகத்தால் திரையைத் தட்டினார்.

"இதா?"

"அதான்," என்றார்.

அவருக்கு வரும் ஒரே சொல் அதுதான். அன்றைக்கு அது பொருளோடு வந்ததா, வழக்கம்போல் வந்ததா என்று நான் துருவவில்லை.

திறந்தேன். பத்தொன்பது ஸ்கேன்கள். எல்லாம் பழைய பதிவேட்டுப் பக்கங்கள், சாய்ந்து சாய்ந்து ஓடும் அந்தக் காலத்து பிரெஞ்சுக் கையெழுத்து. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பெயர், ஏதோ ஒரு ஊர், படிக்க முடியாதபடி. அந்தக் கையெழுத்து எனக்குத்தான் படிக்க வரும், அவருக்கு வராது. மாட்டிக்கொண்டால் நாற்காலியிலிருந்தபடியே, "இத கொஞ்சம் வந்து பாரேன்" என்பார். நான் தெருவைப் பார்த்தபடி, எதிரில் ஆளோ கையில் நகலோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"இப்பவா?"

ஊரார் வாயில் வந்ததையெல்லாம் நான் பொறுக்கிச் சேர்த்து வைத்தேன். என் வாயில் வந்ததை அவர் எடுத்து வைத்திருக்கிறார். எனக்காகக் காத்திருக்க வேண்டியவற்றையெல்லாம் அதற்குள் போட்டிருக்கிறார். சண்டையில்லை, முறைப்பில்லை. ஒரு சொல், ஒரு இடம்.

"இத எப்பங்க வச்சீங்க?"

கையை விரித்தார். ரொம்ப நாளாக என்று எடுத்துக்கொண்டேன்.

என் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டேன். முதல் ஸ்கேனைத் திறந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மணமகளின் அப்பா பெயர் பாதி மசியில் கரைந்திருந்தது. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்து நடுவே இருந்ததைப் பிடித்தேன். சொன்னேன். அவர் ஒற்றைக் கையால் அடித்தார். அடுத்தது. ஏழாவதாகத் திறந்தது சொல்தா அம்மாவின் கல்யாணப் பதிவு. ஊர்ப் பெயர் புரியாததால் இங்கே போட்டு வைத்திருக்கிறார். நான் ஒரு முறை, "இப்பவா?" என்று கேட்காமல் எழுந்து வந்திருந்தால் அது மாசிக்கு முன்பே முடிந்திருக்கும். ஊர்ப் பெயரை வாசித்தேன். 'உக்கார'வுக்கு மாற்றினார். மத்தியானம் சோறு வைக்க மறந்துபோயிற்று. இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒளிந்த ஃபைலில் பதினோராவது வரியை நான் எழுதவில்லை. கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன், அவர் எழுதினார்.

திங்கட்கிழமை காலை தையல்கடைப் பெண், ஆளும் மிஷினுமாக வாசலில் நின்றாள்.

"எடுத்துட்டியாக்கா?"

"இல்லம்மா. அவரு உக்காந்திருக்காரு."

எட்டிப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் அவர் முதுகு தெரிந்தது.

"உக்காந்திருக்காருன்னா... இன்னிக்கு மட்டுமா?"

"இனிமேயும்தான். நான் ஒன்ன வரச் சொல்லிட்டேன், என் தப்புதான். கோச்சுக்காத."

"அட போக்கா. மிஷின தூக்கிட்டு வந்த கை வலிதான், வேற இன்னா?" என்றாள். தூக்கிவந்த ஆளைப் பார்த்து, "திருப்பு, திருப்பு, வெயிலு எறங்கட்டும், வேற எடம் பாப்போம்," என்றாள். சுவர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று முதலில் நினைத்தேன். அவர் சிரித்திருக்கிறார். அவள் போன பிறகும் தோள் குலுங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் ஊசியின் மரப்பு விடும்போது முதலில் வருமே ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான் எனக்கு வந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

பதினோரு மணிவாக்கில் சொல்தா வந்தார்.

"நான் உக்கார வரல மதாம். சும்மா அந்தப் பக்கமா போனேன்," என்று உட்கார்ந்தார். தேநீர் சொன்னேன். கிடைத்துவிட்டது என்று இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எனக்குப் பின்னால் டக் டக் டப் என்றது. முன்னைவிட மெதுவாக, இடையில் கொஞ்சம் நின்று.

மணி அடிக்கவில்லை. பிரிண்டர் ஓடத் தொடங்கியது.